ஊசியை நிறுத்துவதற்கு முன்னால் மூன்று மாதம்

எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோவும் (மருந்து டிர்செபடைட்) வெகோவியும் (மருந்து செமாக்ளூட்டைட்) 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அதன்பிறகு குமரி-கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைப் பக்கமும் வாரம் ஒருமுறை பேனா ஊசி போட்டு எடை குறைப்பவர்களைப் பார்க்க முடிகிறது. மாதச் செலவு தாங்காமல் நிறுத்துகிறவர்கள் உண்டு, இவ்வளவு குறைந்தது போதும் என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். செமாக்ளூட்டைட் என்றால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது. ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரம் செமாக்ளூட்டைட் போட்டவர்களில் ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் கவனித்தார்கள். சராசரியாக 17.3 சதவீதம் குறைந்திருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கடைசியில் மிஞ்சியது 5.6 சதவீதக் குறைவு. சர்மவுண்ட் 4 ஆய்வில் 36 வாரம் டிர்செபடைட் போட்டு 20.9 சதவீதம் குறைந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி கொடுத்தார்கள். அடுத்த 52 வாரத்தில் அவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது.

இதைக் கட்டுப்பாடு இல்லாத ஆட்களின் கதை என்று பேசுவது தவறு, அநியாயமும்கூட. எடை குறைந்த உடம்பு இரண்டு வழியில் எதிர்க்கிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் ஒன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்துக் கிலோ குறைத்தவருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், செலவில் வந்த குறைவைவிடப் பசியின் இழுப்பு மூன்று முதல் ஐந்து மடங்கு பெரியது. ஊசி அமுக்கி வைத்திருந்தது இந்தப் பசியைத்தான். "மெட்டபாலிசம் மந்தமாயிட்டு" என்று அதைச் சரிசெய்யப் பொடியும் கஷாயமும் வாங்குவதைவிட, பசிக்குத் தயாராவதுதான் முக்கியம்.

பசி மறுநாளே வந்துவிடாது. செமாக்ளூட்டைட்டின் அளவு உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், முழுக்கப் போக ஏறத்தாழ ஐந்து வாரம். டிர்செபடைட்டுக்குப் பாதியாக ஐந்து நாள், முழுக்கப் போக மூன்றரை வாரத்துக்கு மேல். அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். "எனக்குத் தேவைப்படல போல" என்று அந்த நேரத்தில் பிடியைத் தளர்த்துகிறவர்களுக்கு நாலாவது ஐந்தாவது வாரத்தில் பசி மொத்தமாக வந்து விழும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அடுக்களைப் பக்கம் கால் போகும். டோஸை ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டர் படிப்படியாகக் குறைத்தால், பசி எந்தப் படியில் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

ஆகவே வேலை தொடங்க வேண்டியது ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே. பசி அடங்கியிருக்கும் கடைசி மூன்று மாதம்தான் தட்டை மாற்றிப் பழகவும் தசை சேர்க்கவும் ஏற்ற காலம். வேகமாகக் குறைந்த எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும்.

கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 84 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு பொருந்தாது, முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும்.) நம்ம ஊர்ச் சாப்பாட்டில் இது எட்டாத அளவல்ல. காலையில் அரைக்குற்றி புட்டு, 50 கிராம் கடலை ஊறவைத்து வைத்த கறி, இரண்டு முட்டை சேர்ந்தால் 25 கிராம் வரும். மதியம் முள் நீக்கி 150 கிராம் சாளையோ சூரையோ, சிறுபயறுத் துவரன், ஒரு கிண்ணம் தயிர், ஒரு கப் சம்பா அரிசிச் சோறு. இதில் 40 கிராம் தேறும். ராத்திரி இன்னொரு 100 கிராம் மீன் அல்லது கோழி இருந்தால் கணக்கு முடிந்தது. சைவக்காரர்கள் பயறு, பன்னீர், சோயா மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால்தான் இந்த அளவு எட்டும்.

கணக்கு கெடுவது மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு). கால் கிலோ மரச்சீனி கிட்டத்தட்ட 400 கலோரி, புரதம் மூன்று நாலு கிராம்தான். மரச்சீனியை விட வேண்டாம், அளவைத் திருப்பிப் போடுங்கள்: கை நிறைய மீன், முஷ்டியளவு மரச்சீனி, மீனை முதலில் தின்னுங்கள். மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே 120 கலோரி. ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராம் 500 கலோரியைத் தாண்டும், அந்தப் பாக்கெட் வீட்டில் இருக்கவே கூடாது. பசி அடங்கியிருந்தபோது ஞாபகத்துக்கே வராத பொருள் இது, ஆறாவது வாரத்தில் கை தானாக அதைத் தேடும்.

நடை மட்டும் போதும் என்பது இங்கே பரவலாக இருக்கும் நம்பிக்கை. நடை வேண்டும், வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் வரை. ஆனால் தசையைக் காப்பது பளுதான். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய குடத்தைக் குனிந்து தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. பன்னிரண்டாவது எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். இதே வகை மருந்தான லிராக்ளூட்டைட் ஊசியை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வில், மருந்தோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் நிறுத்திய ஒரு வருடத்துக்குப் பிறகு எடையைக் காத்துக்கொண்ட அளவு, மருந்து மட்டும் போட்டவர்களைவிட நன்றாக இருந்தது.

எடை பார்ப்பது காலையில், கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே மெஷினில். ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். சாப்பாடு கூடியதும் வயிற்றில் உணவும் தசையில் கிளைக்கோஜனும் (சேமித்து வைக்கும் மாவுச்சத்து) அதோடு தண்ணீரும் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், அது கொழுப்பு அல்ல. நிறுத்திய நாளின் எடையிலிருந்து சராசரி மூன்று சதவீதத்துக்கு மேல் போய் இரண்டு வாரம் அங்கேயே நின்றால் டாக்டரைப் பாருங்கள். 80 கிலோ ஆளுக்கு அது 2.4 கிலோ. பத்துக் கிலோ ஏறும்வரை வெட்கப்பட்டுக் காத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. மீண்டும் ஊசி தொடங்க வேண்டி வந்தால் அது தோல்வியும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

சர்க்கரை நோய்க்காக ஊசி போட்டவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை ஏறும், மற்ற மாத்திரை, இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். எடை குறைந்தபோது பிரஷர் மாத்திரையைக் குறைத்தவர்கள் வாரம் இரண்டு முறையாவது பிரஷர் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் பேனாவை எடுத்துப் பழைய டோஸையே போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். சில வாரம் இடைவெளி விட்ட உடம்புக்கு 2.4 மில்லிகிராம் செமாக்ளூட்டைட் கடுமையான வாந்தியைக் கொண்டுவரும், நீர் வற்றிச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் டாக்டர் மறுபடி 0.25 போன்ற கீழ்ப்படியிலிருந்துதான் ஏற்றுவார். மவுஞ்சாரோ குவிக்பேனாவைத் திறந்து 30 நாள் ஆகியிருந்தால், உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.