"முதல்ல கழுத்தைப் பாரும்மா"

பொது வார்டிலிருந்து நியூரோ ஐ.சி.யூ.வுக்கு மாறியதும் நான் விட வேண்டியிருந்தது என் வேகத்தைத்தான். வார்டில் சளி உறிஞ்சுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். இங்கே அது ஆகாது. மண்டையோடு விரியாது, வீங்கும் மூளைக்கு உள்ளே இடமில்லை. தொடும்போதெல்லாம் அழுத்தம் கொஞ்சம் ஏறும். அது இறங்கும்வரை அடுத்த வேலையைத் தொடக்கூடாது.

முதலில் எனக்குக் கொடுத்தது பைக்கில் விழுந்த ஒரு பையன். வந்தபோது ஜி.சி.எஸ். 7 (கண், பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் எண் போட்டுக் கூட்டி நினைவு எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு; முழு நினைவு 15). வென்டிலேட்டர், மண்டைக்குள் அழுத்தம் அளக்கும் கருவி. 22-ஐத் தாண்டி நின்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒரு நைட் டூட்டியில் 19, 21, 24 என்று ஏறியது. போனை எடுத்தேன். "போனைப் போட்டுக்கிட்டே முதல்ல கழுத்தைப் பாரும்மா" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வென்டிலேட்டர் டியூபைக் கட்டிய நாடா கழுத்தில் இறுகியிருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அமுங்கினால் மூளையிலிருந்து ரத்தம் இறங்காது. தலையை நேராக்கி, நாடாவைத் தளர்த்தி, கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி இருக்கிறதா என்று பார்த்தோம். டாக்டர் வந்து சேரும்போது 17.

மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிட்டது. சளி உறிஞ்சும் முன் 100 சதவீத ஆக்சிஜன், உறிஞ்சும் குழாய் உள்ளே 10 விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஏ.சி. குளிரில் உப்பு மாதிரி படிந்துவிடும். மலம் கழிக்க முக்கவிடக்கூடாது. பி.பி. ஏற ஏற நாடி குறைந்தால் தூங்குகிறார் என்று நினைத்துவிடாமல் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

கஷ்டமாக இருந்தது ஜி.சி.எஸ். பார்ப்பதுதான். மயக்க மருந்தைக் குறைத்துவிட்டுத் தோள் சதையை அழுத்திக் கிள்ள வேண்டும். அசைவுக்கு மட்டும் போடும் எண் இது: கை விறைத்து நீண்டால் 2, வலிக்கு விலகினால் 4, கிள்ளும் இடத்தைத் தேடி வந்தால் 5. கண்ணாடிக்கு வெளியே நின்ற அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? "ஏம்மா, அடிபட்ட புள்ளையக் கிள்ளுற?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். உட்கார வைத்து ஒவ்வொரு எண்ணையும் விளக்கினேன்.

வீக்கம் வடியத் தொடங்கியபின் ஒரு காலையில் பையனின் வலது கை மெல்ல எழும்பி என் விரலைத் தள்ளியது. டாக்டரும் பார்த்து அசைவுக்கு 5 என்று எழுதினார். பார்வை நேரத்தில் வந்த அப்பாவிடம் சொன்னேன். கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, "எங்க, இன்னொரு தடவை கிள்ளும்மா" என்றார்.