பொன்மலைப் பெரியவரும் நவம்பர் மாதமும்

2025 நவம்பர் 2, ஞாயிறு

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் என்றால் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் மாதம். திருச்சியில் எங்கள் தெருவில், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் அவர்களில் மூத்தவர், வயது 84. இரும்போடு உழன்ற விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டதால், போன ஆண்டு வங்கியில் கருவி அவருடைய கைரேகையை ஏற்கவில்லை. முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதி 2021 முதல் கைப்பேசியில் இருப்பதால், இன்று பொன்மலைச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே அந்த வேலையை முடித்தோம்.

கண்ணைச் சிமிட்டுங்கள் என்று நான் சொன்னது அவருக்கு எட்டவில்லை. உள்ளிருந்து அவருடைய மருமகள், "மாமாவுக்குக் காது கேக்காது தம்பி, கையால காட்டுங்க" என்றார். அன்பான குடும்பம் அது. வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எதிலும் குறை வைப்பதில்லை. இருந்தும், நான் அங்கே இருந்த நேரம் முழுவதும் அவரைப் பற்றிப் பேச்சு நடந்ததே தவிர, அவரோடு யாரும் பேசவில்லை. அது மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால் இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

நவம்பர் 5, புதன்

பெரியவர் 1962-இல் பணிமனையில் சேர்ந்து, பெரும்பாலான ஆண்டுகளைப் பாய்லர் ஷாப்பில் கழித்தவர். இரும்புத் தகட்டின் மேல் காற்றழுத்தச் சுத்தியல் நாள் முழுவதும் அதிரும் இடம் அது. காதுக்கு அடைப்பான் கொடுக்கும் வழக்கமெல்லாம் அந்தக் காலத்தில் இல்லை. அத்தகைய இரைச்சல் முதலில் அழிப்பது உச்ச அலைவரிசை ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான். நாம் பேசும்போது உயிரொலிகள் அவருக்குக் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். படி, கடி, தடி மூன்றும் அந்தக் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். குரலை உயர்த்திக் கத்தினால் உயிரொலிதான் பெருகுமே தவிர மெய்யொலி தெளியாது. கத்துகிறவருடைய முகம் கோபப்படுவதுபோல் தெரிவதுதான் மிச்சம். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் "சொன்னா விளங்காது" என்று முதியவர்களைப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பதை எண்ணும்போது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நம் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேச வேண்டும். ஒரு முறை விளங்காத வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் தடுக்கவோ குறைக்கவோ கூடியவற்றுள் ஒன்றாகக் கேட்புக் குறையை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது. ஆகவே ஒருவரோடு பேசாமல் விடுவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பீரோவில் அவருடைய செவித்துணைக் கருவி பெட்டியோடு கிடந்தது. போட்டால் எல்லாம் இரைகிறது என்று கழற்றி வைத்தவர், பிறகு தொடவே இல்லையாம். பொத்தான் அளவு பேட்டரி வாங்கிப் போனேன். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் பொருத்த வேண்டும்; காற்றுப் பட்டால்தான் அது உயிர் பெறும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசிப் பழகலாம் என்று முடிவு செய்து, மாடியறையில் உட்கார்ந்தோம்.

பேச்சு தானாகவே பணிமனைக்குப் போனது. நீராவி எஞ்சினில் தீ எரியும் அறையைச் சுற்றியுள்ள இரண்டு சுவர்களையும் பிணைத்து நிறுத்துபவை ஸ்டே கம்பிகள். அவற்றில் எது உள்ளே முறிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாராம். நல்ல கம்பி கணீரென்று பேசும், முறிந்தது மொத்தென்று அடங்கும். மேசை விளிம்பை விரல் முட்டியால் தட்டி இரண்டு ஓசைகளையும் எனக்குக் காட்டினார். 1974 மே 8-இல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது அவருக்கு 33 வயது. குவார்ட்டர்ஸை விட்டு வெளியேற்றிவிடுவார்களோ என்று குடும்பங்கள் அஞ்சிய இருபது நாட்களையும் விவரித்தார். கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் அவருடைய பேரன் பாதியில் வந்து உட்கார்ந்தவன் எழுந்து போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். இன்று இன்னும் கூடியிருப்பார்கள். பெற்றோரைக் கைவிட்டால் கேட்பதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். 14567 என்ற உதவி எண் இருக்கிறது. இவையெல்லாம் அவசியமானவை. என் கவலையோ, கைவிடப்படாமலேயே தனித்துப்போனவர்களைப் பற்றியது. சோறும் கூரையும் கிடைத்துவிட்ட அவர்கள் எந்த மனுவும் கொடுக்கப்போவதில்லை.

இன்று பேரன் தன் பாடத்தில் வரும் கொதிகலன் படத்தைத் தாத்தாவிடம் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவர் பென்சிலால் அதன் மேல் கோடு போட்டுத் திருத்திக்கொண்டிருந்ததால் நான் தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

தெருக்கோடி அம்மாவுக்கு 80 வயது முடிந்தும் குடும்ப ஓய்வூதியத்தில் சேர வேண்டிய 20 சதவீதக் கூடுதல் தொகை வரவில்லை. பெரியவரிடம் சொன்னதுமே காரணத்தை ஊகித்துவிட்டார்: பழைய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) தாள்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே குறிக்கப்பட்டிருக்காது. தேதி இல்லாமல் எந்த வங்கியும் தொகையைக் கூட்டாது. நாளைக்கு அந்த அம்மாவைத் தாளோடு வரச் சொல்லியிருக்கிறார். என்னென்ன ஆவணங்களை இணைக்க வேண்டும் என்பதை அவர் சொல்வார், மனுவை நான் தட்டச்சு செய்ய வேண்டும்.