அப்பா கூப்பிட்டால் எடுக்கணும்

2017-ல் முதல் தடவையாக அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்பது நாள் பயணம். ஊர் திரும்பிய அடுத்த வாரம் என் போஸ்ட்பெய்டு பில் வந்தது: 7,312 ரூபாய். அங்கிருந்து நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.

பணம் போனதைவிட எனக்கு மனசில் நிற்பது வேறு. மூன்றாம் நாளே ரோமிங் கட்டணம், அதாவது நம் ஊர் சிம்மை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கான கட்டணம், ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மெசேஜ் வந்தது. அதைச் சொன்னதிலிருந்து அம்மா பயந்துவிட்டாள். அப்பா கூப்பிட்டால், "எடுக்காதடி, அடிச்சு ஓயட்டும்" என்பாள். திருவெறும்பூர் வீட்டில் ஒற்றை ஆளாக இருந்த அப்பா, ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி கூப்பிட்டார். மீதி ஆறு நாளும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அக்கா வீட்டு போனிலிருந்து ஒரே ஒரு தடவை.

ஊருக்கு வந்ததும் அந்த பில்லின் முழு விவரத்தை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். பெரிய பங்கு வந்த கால்களுக்கு. நம் ஊரில் வரும் காலுக்குக் காசு இல்லை என்று பழகிவிட்டோம். வெளிநாட்டில் அப்படி இல்லை. அப்பா நம்மைக் கூப்பிடும்போது அவருக்கு அது உள்ளூர் கால்தான். அங்கிருந்து சிங்கப்பூர் வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு நம் கணக்கில் ஏறுகிறது.

அடுத்து, எடுக்காத கால்கள். இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் நம்பரில், எடுக்காவிட்டால் கால் வேறு ஒரு நம்பருக்குத் திரும்பும்படி ஃபார்வர்டு இருந்தது. ஆக, கால் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, அடித்து ஓய்ந்து, மறுபடி இந்தியாவுக்கே போயிருக்கிறது. அம்மா சிக்கனம் என்று நினைத்து எடுக்காமல் விட்ட கால்களுக்கும் காசு. இப்போது விமானம் ஏறுவதற்கு முன்னால் ##002# என்று டயல் செய்துவிடுகிறேன். எல்லா ஃபார்வர்டும் ரத்தாகிவிடும்.

மூன்றாவது, போட்டோ. மண்டாய் உயிரியல் பூங்காவில் அம்மா ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுத்ததை நாற்பது படம் எடுத்திருந்தேன். நான் எடுக்க எடுக்க, பேக்கப் ஆப் அதையெல்லாம் ரோமிங் டேட்டாவில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு தடவை போய் வந்துவிட்டேன். இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

நம் ஊர் சிம்மைக் கழற்ற வேண்டாம். ஒரு தடவை கழற்றி, தொலையாமல் இருக்க அம்மாவின் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். ஆன்லைனில் திரும்பி வர டிக்கெட் போடும்போது பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குப் போக, கால் பவுன் மோதிரம் தொலைந்த மாதிரி எல்லோரும் பையைக் கொட்டித் தேடினோம். இரண்டு சிம் போடுகிற போனாக இருந்தால் நம் சிம் ஒன்றில் இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். என் கனெக்‌ஷனில் ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. உங்களுடையதில் எப்படி என்று கிளம்பும் முன் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடிபி வர அந்த சிம்மில் அங்கே சிக்னல் இருக்க வேண்டுமே, அதனால் டேட்டா ரோமிங்கை அணைத்தாலும் ரோமிங் சேவையைத் திறந்து வைக்க வேண்டும்.

அப்புறம், ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாகவே இன்னொரு சிம்மின் டேட்டாவுக்கு மாறுகிற வசதி புதிய போன்களில் இருக்கிறது. ஊரில் நல்லது, வெளிநாட்டில் ஆபத்து. அதையும் அணைக்கணும். சிம்மை மாற்றிப் போட்டால் யுபிஐ ஆப்பும் ஐபோனின் ஐமெசேஜும் நம்பரைச் சரிபார்க்க நமக்குத் தெரியாமலே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். போகிற எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங்கில் கட்டணம் உண்டு. அதனால் அங்கே போய் யுபிஐ ஆப்பை அழித்து மறுபடி போடுகிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவதாகப் போட ஒரு சிங்கப்பூர் சிம்மைச் சாங்கி விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தை, முஸ்தபா கடை பக்கமும் கிடைக்கும், அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கலாம். போன தடவை 12 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு கார்டு வாங்கினோம், இரண்டு வாரத்துக்கு மேல் தாராளமாக வந்தது. கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இ-சிம் என்றால் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தே போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஆனால் பல இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், பேசுவதற்கு நம்பர் கிடைக்காது. வயசானவர்கள் தனியாக எங்காவது நின்று பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தால் நம்பர் உள்ள கார்டுதான் நல்லது.

சிம் மாறினாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷார்ஜாவுக்குப் போகிறவர்கள் மட்டும் கவனிக்கணும்: அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. என் சித்தி மகன் அங்கே போட்டிம் ஆப்பில்தான் பேசுகிறான். வீட்டில் இருப்பவர் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகணும்.

எல்லையில் ஒரு விஷயம். அக்கா வீடு ஈசூனில் இருக்கிறது. அங்கிருந்து உட்லண்ட்ஸ் வழியாக மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாருவுக்குப் பேருந்தில் போனோம். நடுவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் பாலம்தான். பாலம் ஏறுவதற்கு முன்பே, கடல் ஓரத்தில் நிற்கும்போதே, அம்மாவின் போன் மலேசிய சிக்னலைப் பிடித்துவிட்டது. சில சிங்கப்பூர் கார்டுகளில் மலேசியாவுக்கும் கொஞ்சம் டேட்டா சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் இருக்காது. வாங்கும்போதே கேட்கணும். நம் தனுஷ்கோடியிலும் இது நடக்கும். மணலில் நிற்கும்போது போன் இலங்கை டவரைப் பிடித்து, வரவேற்பு மெசேஜ் காட்டும். பாஸ்போர்ட்டே இல்லாதவர்களும் ராமேஸ்வரம் போகும் முன் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் இத்தனையும் நம் பக்கத்து வேலை. உண்மையான வேலை அப்பா பக்கத்தில். நாற்பது வருஷமாக நம்பரை அழுத்திப் பழகிய விரல். "வாட்ஸ்அப்ல கூப்பிடுங்கப்பா" என்றால் தலையை ஆட்டுவார், மறுநாள் காலையில் சாதாரண காலே வரும். திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. அவர் போனின் முதல் திரையில் அம்மாவின் வாட்ஸ்அப் அரட்டைக்கு ஒரு ஷார்ட்கட் போட்டேன். அம்மாவின் வட்டமான சின்னப் படம் திரையில் தனியாகத் தெரியும். அதைத் தொட்டு, மேலே இருக்கும் போன் குறியைத் தொடணும். கிளம்புவதற்கு முந்தின மூன்று நாளும், அம்மா அடுக்களையில் இருக்க, அப்பா திண்ணையில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பழகினார். முதல் நாள் வீடியோ கால் போய்விட்டது. அம்மா கரண்டியோடு திரையில் வந்து நின்றாள். இரண்டாம் நாள் சரியாக வந்தது.

போன தடவை ஈசூனில் காலை எட்டு மணி, ஊரில் ஐந்தரை. பால்காரர் வந்துவிட்டுப் போனதும் அப்பா கூப்பிடுவார். அம்மா காபி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கீழே தெரியும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். பெருங்காய டப்பா எங்கே, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியாச்சா, மாமியார் திதிக்கு யாரைக் கூப்பிடுவது. ஒரு நாள் முக்கால் மணி நேரம் போனது. நடுவில் என்னைப் பார்த்து, "காசு போகுதாடி?" என்று சைகையில் கேட்டாள். போகலைம்மா, பேசு என்றேன். திரும்பிக்கொண்டு, "ஏங்க, அந்த முருங்கை மரம் காய்ச்சுதா?" என்று ஆரம்பித்தாள்.