கோவில்பட்டி கடலைமிட்டாய்: பாகுதான் பாதி வேலை

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல். கரிசல் மண்ணில், பெரும்பாலும் மானாவாரியாக விளையும் நிலக்கடலைக்குக் கிடைத்த மரியாதை என்றே அதைச் சொல்லணும். வெல்லம் தேனிப் பக்கத்துச் சரக்கு.

வீட்டில் செய்ய அரைக்கிலோ கடலைக்கு 300 கிராம் வெல்லம். கடலையை மிதமான தீயில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைச்சுக்கோங்க. வெல்லத்தைக் கரைச்சு மண் போக வடிகட்டாவிட்டால் பல்லில் நறநறக்கும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகி, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரணும். உருட்ட வந்தால் பதம் போதாது. மிட்டாய் பல்லில் ஒட்டும். 'டங்' பதத்தையும் தாண்டினால் கசக்கும். கடலை ஈரமாக இருந்தால் ரெண்டே நாளில் நமுத்துடும். பதம் வந்த பாகில் கடலையைக் கலந்து, நெய் தடவிய பலகையில் கொட்டி, சூட்டோடு தேய்த்துக் கோடு போடுங்க. ஆறினால் கத்தி இறங்காது, கண்டபடி உடையும். குளுக்கோஸ் சிரப் கலந்து பளபளப்பாக்கிய மிட்டாயை நான் வாங்குவதில்லை.