இடது கை இல்லாத நாட்கள்

ஜூன் 4
கட்டு இன்னும் பிரிக்கலை. நாலு பேஸ் கிட்டாரும் சுவரில் தொங்குது. அந்தப் பக்கம் பார்க்காம நடக்கப் பழகணும்.

ஜூன் 5
முடியலை. நாலில் ஒண்ணான பிரிசிஷனை இறக்கி மடியில் வெச்சு, வலது கையால் ஈ (E) கம்பியை, இருக்கறதிலேயே தடிமனானதை, சும்மா சுண்டினேன். 41 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயர் போடாமலே தொடையில் ஏறுது.

ஜூன் 6
விரல் அழுத்த வழியில்லை, அதனால் ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும்தான். ஒரே ஆம்ப், ஒரே செட்டிங், ஃப்ரெட்லெஸ்ஸை விட்டுட்டு மத்த மூணிலும் ஒரே ஈ. கம்பி அதிர்ற நீளமும், அதான் ஸ்கேல், மூணுக்கும் 34 அங்குலம்தான்.

பிரிசிஷனில் பழைய ஃப்ளாட்வவுண்ட் கம்பி, மேலே தட்டையா வழவழன்னு சுத்தினது. தொம்முனு விழுது, இழுக்காம முடிஞ்சுடுது. கம்பி அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பற பிக்கப் ரெண்டு துண்டு: ஒண்ணு ஈ, ஏ-வுக்கு, இன்னொண்ணு டி, ஜி-க்கு. 1957-ல வந்த ஏற்பாடு, இன்னிக்கும் இரைச்சல் கிடையாது. ஜாஸ் பேஸில் ரெண்டு பிக்கப், ரெண்டு வால்யூமும் முழுசாத் திறந்தா ஒலியோட நடுப்பகுதி உள்ளே வாங்கிக்கும். பிரிட்ஜ் பக்கத்து, அதாவது கம்பியோட அடி முனைப் பக்கத்து, பிக்கப்பை மட்டும் விட்டா மூக்கால பேசுது. ஒண்ணைக் கொஞ்சம் குறைச்சா போதும், 'ம்ம்ம்'னு கரண்ட் இரைச்சல் வந்துடும். மூணாவது, ஸ்டிங்ரே, நகம் பட்டதைக்கூட ஊருக்குச் சொல்லுது. உள்ளேயே பாட்டரியில் ஓடி ஒலியைத் தூக்கிவிடற ப்ரீஆம்ப், கேட்கவா வேணும்.

மத்தியானம் போனதே தெரியலை. கை வலி ஞாபகமே வரலை.

ஜூன் 7
தம்பி போன் பண்ணினான். "அண்ணா, சனிக்கிழமை புரோகிராமுக்கு உங்க பிரிசிஷன் கிடைக்குமா?" யோசிச்சுச் சொல்றேன்னேன். அவனுக்கு எதிலும் புதுக் கம்பி போட்டாத்தான் தூக்கம் வரும். மோடவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தாலொழிய கம்பி மாத்த மாட்டாராம். இதை அவன்கிட்ட சொன்னா சிரிப்பான்.

ஜூன் 9
வீக்கம் குறையலை.

ஜூன் 10
ஃப்ரெட்லெஸ்ஸை இன்னிக்குத்தான் தொட்டேன், விரல் வைக்கற கட்டையில் ஃப்ரெட்டுங்கற உலோகக் கோடே இல்லாத பேஸ். ஓப்பனில் அது யாரோ மாதிரி இருக்கு. அந்த முனகல் இருக்கே, விரல் அழுத்தின இடத்திலிருந்து கம்பி கட்டையை உரசிக்கிட்டே அதிரும்போது வர்றது. அது முழுக்க இடது கையோடது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்டையெல்லாம் எடுத்துட்டுக் கட்டைக்கு எபாக்ஸி பிசின் பூசினதும் அந்த உரசலைத் தாங்கத்தான். திரும்ப மாட்டிட்டேன். அப்புறம் ஒண்ணும் செய்யலை.

ஜூன் 11
ராத்திரி எழுந்து பார்த்தேன். ஸ்டிங்ரேயில் கேபிள் பிடுங்கித்தான் இருக்கு. குத்தியே விட்டா 9 வோல்ட் பாட்டரி தீர்ந்துடும்.

ஜூன் 12
பிரிசிஷனைத் தம்பிகிட்ட கொடுத்துட்டேன். "கம்பியில கை வைக்காதேடா"ன்னேன். "வாசிக்கறதுக்காவது வைக்கலாமாண்ணா?"ங்கறான்.

ஜூன் 13
"எதுக்கு நாலு பேஸ், ஒண்ணு போதாதா?" இதையே எத்தனை பேர் கேட்பாங்க! டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தா பாதி வித்தியாசம் அமுங்கிடும், ஒத்துக்கறேன். கீழே உட்கார்ந்திருக்கறவருக்கு எது எதுன்னு தெரியப்போறதில்லை. ஆனா நான் வாசிக்கறதே மாறுதே! ஜாஸ் பேஸோட ஒல்லி நெக் கையில் வந்ததும் விரல் ஓட ஆரம்பிச்சுடும், தேவையில்லாத நோட்டெல்லாம் வரும். பிரிசிஷன்னா இடம் விட்டு வாசிப்பேன். ஒரே பாட்டுக்கு ரெண்டு லைன் வரும். அப்புறம் எதை விக்கச் சொல்றீங்க?

ஜூன் 14
புரோகிராம் நேத்தே முடிஞ்சாச்சு. பேஸ் வரலை.

ஜூன் 15
கேபிள் பிடுங்கியிருக்கு. பார்த்தாச்சு.

ஜூன் 16
மோதிர விரல் கொஞ்சம் அசையுது. டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்றார். தம்பி போன் எடுக்கலை.