13 வார லூக்

அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ 1963-இல் தொடங்கிய பகல்நேரத் தொடர். 1970-களின் கடைசியில் ரேட்டிங் சரிந்து, இழுத்து மூடிவிடலாம் என்கிற நிலைமை. 1978-இல் குளோரியா மாண்டி தயாரிப்பாளராக வந்தார், டக்ளஸ் மார்லண்ட் எழுத வந்தார், கதை வேகமெடுத்தது, அதுவரை ஓரமாக நின்ற லாரா என்கிற டீன்ஏஜ் பெண் நடுவுக்கு வந்தாள். லாராவாக நடித்த ஜீனி பிரான்சிஸுக்கே அப்போது பதினாறு வயதுதான். அப்புறம் லூக். அந்த வேடத்துக்குச் சுருள்முடியோடு வந்த ஆந்தனி கீயரியை வெறும் 13 வாரத்துக்குத்தான் எடுத்தார்கள். பார்த்தவர்கள் விடவில்லை!

1981 நவம்பரில் லூக்-லாரா கல்யாணத்தை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். ஓரத்தில் நின்று ஜோடியைச் சபித்துவிட்டுப் போனது யார் தெரியுமா, எலிசபெத் டெய்லர்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. 1979-இல் லூக் லாராவைப் பலாத்காரம் செய்வதாக எழுதிவிட்டு, நடிகர்களின் பொருத்தம் எடுபட்டதும் அதையே காதலாக மாற்றிவிட்டார்கள். அது பெரிய தப்பு. 1998-இல்தான் அவர்கள் மகன் லக்கிக்கு அந்த உண்மை தெரிவது போல எழுதி, லூக்கைப் பதில் சொல்ல வைத்தார்கள்.