100-க்கும் 87-க்கும் நடுவே

பெட்ரோல் பங்க்கில் எனக்கு முன்னால் நின்றவர் ஊழியரிடம் சலித்துக்கொண்டார்: "95-க்கும் 91-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் எரிவதுதானே!"

அந்த எண்கள் பெட்ரோலின் ஆக்டேன் அளவு. 1940-இல், இரண்டாம் உலகப்போரில், இங்கிலாந்தின் வானத்தில் அந்த வித்தியாசத்தை உயிரால் அளந்தார்கள்.

பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் 100 ஆக்டேன். எதிரே வந்த ஜெர்மானிய விமானங்கள் பெரும்பாலானவற்றில் 87.

ஆக்டேன் கூடினால் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்காமல் அதிக அழுத்தம் தாங்கும். அதனால் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை, சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12-க்கு ஏற்ற முடிந்தது. அந்த அழுத்தத்தில் ஓட்ட ஐந்தே நிமிடம்தான் அனுமதி. துரத்தப்படுகிறவனுக்கு அது தாராளம்.

தரம் ஒருபுறம் இருக்க, பிறகு அளவுக்கே தட்டுப்பாடு வந்தது. ஜெர்மனி நிலக்கரியிலிருந்தே பெட்ரோல் வடித்தது. (அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.) 1944 மே 12 முதல் லொய்னா போன்ற இடங்களில் இருந்த அந்தப் பெட்ரோல் ஆலைகள்மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. செப்டம்பரில் விமானப் பெட்ரோல் உற்பத்தி ஏப்ரலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே செப்டம்பரில்தான் ஜெர்மனியின் போர் விமான உற்பத்தி உச்சத்தைத் தொட்டது!

விமானம் இருந்தது. பயிற்சிக்குப் பெட்ரோல் இல்லை. அரைகுறையாகப் பறக்கக் கற்ற பையன்களை, நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்து பழகிய அமெரிக்கர்களுக்கு எதிரே ஏற்றி அனுப்பினார்கள்.